பேர் வெட்டிய தட்டு

எங்கள் ஊர்ப் பாத்திரங்களில் பேர் மாறத் தொடங்கியது எந்த மாசம், எந்தத் தேதி என்று என்னைக் கேட்காதீர்கள், அப்போது கேஸ் தீர்ந்து, மிக்ஸி ஜார் ஒழுகி, வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப்பல் ஈறு வீங்கிக் கிடந்தது, இந்த லட்சணத்தில் அதிசயத்துக்கு நாள் குறித்து வைக்க எனக்கென்ன கணக்குப்பிள்ளையா இருக்கிறார். ஆனால் மழை பொய்த்த ஐப்பசி என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் கழுவின பாத்திரத்தைப் பின்கட்டில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்திருந்தேன், அந்த வெயிலில்தான் என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற தட்டின் அடிப்பக்கத்தில் என் பேர் இல்லை என்பது பளிச்சென்று தெரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பேர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் வீட்டுக்குள் நுழையாது. வாங்கிய கையோடு, பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆவுடையப்பனிடம் அதை நீட்ட வேண்டும், அவர் பேனா மாதிரி ஒரு மிஷினைப் பிடித்து, பல் டாக்டர் ரூமில் கேட்கிற சத்தத்தோடு, புள்ளி புள்ளியாகப் பேரை வெட்டித் தருவார். கல்யாணத்துக்குக் கொடுத்தாலும் சடங்குக்குக் கொடுத்தாலும் பேர், எத்தனை வருஷம் கழித்துச் சாம்பார் ஊற்றினாலும் 'இது வள்ளியூர்ச் சித்தி கொடுத்தது' என்று நினைக்காமல் ஊற்றிவிட முடியாதபடி கெட்டியான ஏற்பாடு. என் அப்பா எனக்குக் கொடுத்த சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் 'சங்கரபாண்டியன் – செண்பகவடிவு' என்று ஜோடியாக வெட்டியிருந்தது. செண்பகவடிவு நான். சங்கரபாண்டியன் என் வீட்டுக்காரர், டெலிபோன்ஸில் ரிட்டையரானவர், ஊர் முழுக்கப் பேச லைன் கொடுத்துவிட்டு வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்.

தட்டில் அந்த ஜோடியைக் காணோம். ஒரே ஒரு பேர்தான் இருந்தது. 'டைகர்.'

டைகர் என்பது இவர் காலையில் நடக்கப் போகிற மைதானத்து வாசலில் படுத்துக் கிடக்கிற செவலை நாய். வாலில் பாதி இல்லை. இவர் தினமும் அதற்கு பிஸ்கட் வாங்கிப் போடுவார்.

பாத்திரம் விளக்குகிற சோப்புதான் புதுசாக ஏதோ கோளாறு பண்ணுகிறது என்று நினைத்து, புளியைப் போட்டுத் தேய்த்தேன், சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன், கம்பி நாரால் பிறாண்டினேன், நாய் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"எது?"

"உங்க தட்டுல நாய் பேரு இருக்கு."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தட்டைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் படித்தார். "நல்லா வெட்டிருக்கானே. ஆவுடையப்பன் கை மாதிரியே இருக்கு."

"நான் கேக்கது அது இல்ல. என் பேரு எங்க?"

"எனக்கென்னட்டி தெரியும்? நீதான கழுவுத."

இப்படி ஒரு மனுஷரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது. ஒரு பொம்பளை பேர் இருந்திருந்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன், அண்ணன்மாரை வரவழைத்திருப்பேன், அழுதிருக்கக்கூடச் செய்வேன். நாயோடு எப்படிச் சண்டை போடுவது? அது என்னைப் பார்த்தால் பாதி வாலை ஆட்டுகிறது.

மறுநாள் அடுத்த வீட்டு பர்வீன் டம்ளரும் தட்டுமாக வந்தாள். வாசல் பக்கத்து அறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள், வாய் ஓயாதவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, எங்கம்மா சாப்பிடுத தட்டுல ஜமீலா பேரு வந்திருக்கு."

ஜமீலா அவள் அக்கா. வேற்று மதத்துப் பையனோடு போய்விட்டவள். அந்தப் பேரை யாராவது சொன்னால் அவள் அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிடுவார், அப்படிப்பட்ட வீடு.

"அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அந்தத் தட்டுலயே சோறு வாங்கித் தின்னாங்க, ரெண்டாம் வாட்டி போடச் சொன்னாங்க." பர்வீன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குப் புரிஞ்சு போச்சுக்கா. யாரு அதுல சாப்பிடுதாங்களோ, அவங்க மனசுல அந்த நேரத்துல யாரு ஒசரத்துல இருக்காங்களோ, அவங்க பேரு வருது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்ன மாதிரியே ஊரும் அதை எடுத்துக்கொண்டது. காரணம் கேட்க ஒருத்தருக்கும் நேரம் இல்லை, அவரவர் வீட்டுத் தட்டைத் திருப்பிப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. முதலில் ஆவுடையப்பனைப் போய்ப் பிடித்தார்கள், அவர் "வெட்டுனது வெட்டுனதுதான், எவர்சில்வர்ல நான் வெட்டுனத எவனாலயும் அழிக்க முடியாது" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிக்கொண்டே டீயைக் குடித்து டம்ளரைக் கவிழ்க்க, அதன் அடியில் எதிர்ச்சாரியில் புதுசாகக் கடை போட்டிருக்கிற இன்னொரு பேர் வெட்டுகிறவன் பேர் இருந்தது, கூட்டம் சிரித்தது, அப்போதுதான் மனசில் ஒசரம் என்றால் பிரியம் மட்டும் இல்லை என்று எங்களுக்கு உறைத்தது. அழிந்த பேரைத் திரும்ப வெட்டித் தரச் சொல்லி அவரிடம் வரிசை நின்றது, அவரும் வெட்டினார், அது அடுத்த வேளைச் சாப்பாடு வரைக்கும் நின்றது. கவுன்சிலர் தட்டில் கவுன்சிலர் பேரே இருந்தது, கட்சிக்காரர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயிலில் ஒரு பெரியவர் உபன்னியாசம் பண்ணும்போது எல்லார் தட்டிலும் இறைவன் பேர் அல்லவா இருக்க வேண்டும் என்று உருகினார், கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தது, ஒருத்தர் வீட்டிலும் இல்லை, பெரியவர் தட்டில் அவருக்குக் கால் அமுக்குகிற ஆள் பேர் இருந்ததாகக் கேள்வி. பச்சைப்பிள்ளைகள் தட்டு வேளைக்கு வேளை மாறியது, ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தவன் பேர் சாயங்காலம் இருக்கும், ராத்திரி தூங்கவைத்தவள் பேர் காலையில் இருக்கும். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு தட்டையும் கொண்டு வரச் சொன்னார்கள். ரெண்டு வீட்டில் கோர்ட்டுக்குப் போனார்கள், ஒரு வீட்டில் கோர்ட்டுக்குப் போனவர்கள் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தார்கள். அப்புறம் மெல்ல மெல்ல ஒரு மரியாதை உண்டாயிற்று, விருந்துக்குப் போன வீட்டில் தட்டைத் திருப்பிப் பார்ப்பது அடுத்தவர் பீரோவைத் திறப்பது மாதிரி என்று ஆயிற்று, பயந்தவர்கள் மெலமைன் தட்டு வாங்கினார்கள், பயமே இல்லாதவர்களும் வாங்கினார்கள், மெலமைன் கடைக்காரர் மாடி எடுத்துக் கட்டினார்.

நான் மெலமைன் வாங்கவில்லை. எனக்குத் தேட வேண்டியிருந்தது.

பச்சையாகச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. என் பேர் எங்கேயாவது ஒரு பாத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாய்க்குத் தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த ஊரில் இத்தனை வீட்டில் இத்தனை பேர் தின்கிற தட்டில் ஒன்றிலாவது நான் இருக்க வேண்டாமா? கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் "நான் கழுவுதேன், நீங்க விடுங்க" என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன், என்ன குணம் பாரு என்று என்னைப் புகழ்ந்தார்கள், நான் அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வளைகாப்பு, பால் காய்ச்சு, பதினாறாம் நாள், ஒன்றையும் விடவில்லை. பால்காரி பேர் ஒரு தட்டில் பார்த்தேன். ஸ்கூல் வேன் டிரைவர் பேரை இரண்டு வீட்டில் பார்த்தேன். தென்காசியில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு ஒரு நாள் முழுக்கப் போய் இருந்தேன், அவள் தட்டில் 'டாக்டர் குற்றாலிங்கம்' என்று இருந்தது, அவள் மூட்டுக்கு ஊசி போடுகிறவர்.

"உனக்கு என் ஞாபகமே வராதாக்கா?" என்று கேட்டேன்.

"வராம? நேத்துக்கூட நெனச்சேன். மாடிப்படி ஏறும்போது வலிச்சுது, உனக்கும் இந்த வயசுல வருமேன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் படித்த கான்வென்ட்டில் பேர் ஒட்டாத டிபன் பாக்ஸ், பேர் தைக்காத ஸ்வெட்டர் எல்லாவற்றையும் சிஸ்டர்கள் ஒரு கண்ணாடி அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், வருஷக் கடைசி வரைக்கும் அது அங்கேயே கிடக்கும், நாங்கள் வரிசையாக அதைத் தாண்டி ப்ரேயருக்குப் போவோம். தென்காசியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வருகையில் நானே அந்த அலமாரிக்குள்ளிருந்து வெளியே பார்க்கிற மாதிரி இருந்தது.

மகன் இருக்கிறான். முகிலன், மெல்பர்னில் இருக்கிறான். போகும்போது அவனுக்கு ஒரு தட்டும் டம்ளரும் அவன் பேர் வெட்டிக் கொடுத்துவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது கேட்டேன்.

"முகிலா, அந்த டம்ளர் அடியில என்ன பேரு இருக்கு, பாத்துச் சொல்லு."

"ம்மா, அது டிஷ்வாஷர்ல கெடக்கும்மா."

அடுத்த வாரமும் டிஷ்வாஷரில் கிடந்தது. அதற்கடுத்த வாரமும். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அது என்னல டிஷ்வாஷரா, இல்ல ஜெயிலா? பரோல்ல கூட விடமாட்டாங்களா?" என்று கத்திவிட்டேன். மருமகள் நல்ல பெண், எழுந்து போய் எடுத்து வந்து போனுக்கு முன்னால் காட்டினாள். 'ஆதிரா' என்று இருந்தது. என் பேத்தி, ரெண்டு வயசு.

"ஸாரிம்மா" என்றான் முகிலன்.

"எதுக்குல ஸாரி? வேற யாரு பேரு இருக்கணும்? நான் என்ன பிசாசா, பேத்திகிட்டப் போட்டி போட?" என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டு மாவை எடுத்து உள்ளே வைத்தேன், துவைத்த துணியை மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

இனி தேவசகாயம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடி வீடு. காலேஜில் தத்துவம் எடுத்தவர், எண்பதை எட்டிக்கொண்டிருந்தார், மனைவி ரூத் அம்மா இறந்து பல வருஷம், பிள்ளைகள் கிடையாது, கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை அநேகமாகப் போய்விட்டது, கதவு எது ஜன்னல் எது என்கிற அளவுக்கு வெளிச்சம் தெரியும். அவர் வீட்டுச் சமையல்காரி மகள் வீட்டோடு போய்விட்டதிலிருந்து மத்தியானச் சாப்பாடு நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். பெரிய புண்ணியம் என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டில் ரெண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாமல் எப்போதும் மிஞ்சும், அதோடு, சாப்பாட்டை வைத்துவிட்டு அவரைத் திட்டுவதற்கு அரைமணி நேரம் கிடைக்கும். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருப்பார், திட்டுவேன். பழைய பேப்பரை விற்கமாட்டார், திட்டுவேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

அவருக்குச் சாயங்காலம் வாசகசாலை வாசலில் ஒரு சபை உண்டு. பாத்திரத்தில் பேர் மாறிய நாளிலிருந்து அந்தச் சபையில் ஒரே பேச்சு, மனுஷன் எதை மதிக்கிறானோ அந்த மதிப்பு என்றைக்கும் ஒன்றா, இல்லை ஆளுக்கும் நாளுக்கும் மாறுகிறதா என்று. சார் மாறாது என்கிற பக்கம். "மதிப்பு உலகத்தோட எலும்பு மாதிரி, அது அசையாது, நம்ம பார்வைதான் அசையுது" என்பார். "ஆத்துல தண்ணி வரும் போகும், படித்துறை அங்கனயேதான இருக்கு?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நூல் வாங்கப் போன பர்வீன் நின்று கேட்டுவிட்டு, "போன வெள்ளத்துல படித்துறையே ரெண்டு படி போச்சே, சார்" என்றாள்.

சபை சிரித்தது.

"ஒவ்வொரு வருசமும் ஒரு புருவம் அழகுங்காங்க" என்று அவள் விடவில்லை. "ஒரு வருசம் நூல் மாதிரி வேணும், ஒரு வருசம் கம்பளிப்பூச்சி மாதிரி வேணும். அதே பொம்பள, அதே மூஞ்சி. நீங்க எந்தப் புருவம் நிலைன்னு சொல்லுங்க, நான் கடைய மூடிட்டுப் போறேன்."

"புருவத்தைச் சொல்லாதம்மா" என்றார் சார். "என் தட்டைப் பாத்துட்டுப் பேசு."

அவர் தட்டுதான் மாறாது என்கிற கட்சிக்கு ஒரே சாட்சி. முன்பு அதில் 'பேரா. தேவசகாயம்' என்று இருந்ததாம், எல்லார் பாத்திரமும் மாறிய அன்றைக்கு அதுவும் மாறி 'ரூத்' என்று ஆயிற்று, ஆனதோடு நின்றது. ஊரில் தட்டுகள் வாரத்துக்கு வாரம் பேரை மாற்றிக்கொண்டிருந்தபோது, புதுப் பெண்டாட்டி போய்ப் புது மேனேஜரும், புது மேனேஜர் போய்ப் பழைய காதலியும் வந்துகொண்டிருந்தபோது, அந்த ஒரு தட்டில் செத்துப்போன மனைவி பேர் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத மாதிரி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சில பெண்கள் புருஷன்மாரைக் கூட்டி வந்து காட்டினார்கள். அழுதவர்களும் உண்டு.

அவருக்குத்தான் அதைப் பார்க்க முடியாது. அதனால் தினமும் நான் சோறு போடுவதற்கு முன்னால் தட்டைத் திருப்பிப் படித்துச் சொல்ல வேண்டும்.

"என்னம்மா பேரு?"

"ரூத், சார்."

"சரி. போடு."

இதுதான் எங்கள் ஜெபம். அதைக் கேட்காமல் அவர் கை நனைக்கமாட்டார். ஒரு நாள் எனக்கு அவசரம், கேஸ்காரன் வருகிற நேரம், படிக்காமல் சோற்றைப் போட்டுவிட்டேன், சோற்றை வேறு தட்டில் கொட்டச் சொல்லிப் படிக்க வைத்தார்.

"சார், நேத்து இருந்தது இன்னைக்கு ஓடியா போயிரும்?" என்று சிடுசிடுத்தேன்.

"ஊர்ல எல்லார் தட்டுலயும் ஓடுதே."

"அப்போ உங்களுக்கே நம்பிக்கை இல்ல. அப்புறம் என்ன சபையில போய் எலும்பு, படித்துறைன்னு."

அவர் கொஞ்ச நேரம் விரலால் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தார். "மாறிட்டா சொல்லிருவியா?"

"சொல்லாம? எனக்கென்ன பயம்?"

"மாறிட்டா, நான் ஆயுசு பூரா வகுப்புல சொன்னது தப்புன்னு ஆகும். அது கெடக்கு, எத்தனையோ பேரு தப்பாச் சொல்லிட்டு நிம்மதியாச் செத்திருக்கான்." தண்ணி டம்ளரைத் துழாவினார், நகர்த்திக் கையில் கொடுத்தேன். "மாறிட்டா ரூத் ரெண்டாந்தடவ செத்துட்டான்னு ஆகும். இந்தத் தடவ நான் கொன்னதா ஆகும்."

நான் மோர் ஊற்றினேன்.

"உன் தட்டுல யாரு பேரும்மா?" என்று இன்னொரு நாள் கேட்டார்.

"எனக்குத் தட்டே கிடையாது, சார். குழம்புச் சட்டியில ஒட்டிருக்கதுல சோத்தைப் போட்டுப் பெரட்டி நின்னுக்கிட்டே தின்னுருவேன். ஒரு தட்டு மிச்சம், கழுவ வேண்டாம்."

"அது நல்லது" என்றார். எது நல்லது என்று கேட்கவில்லை.

காலம் போயிற்று. அதிசயமும் தெருவில் புதுசாகப் போட்ட ரோடு மாதிரி பழசாயிற்று. அநேகமாக எல்லாரும் மெலமைனுக்கும் கண்ணாடிக்கும் மாறிவிட்டார்கள், எவர்சில்வர் பரணுக்குப் போயிற்று, அதில் யாரும் தின்னாததால் பேர்கள் அசையாமல் கடைசியாக இருந்தபடியே கிடந்தன. ஆவுடையப்பன் மிஷினை வைத்துவிட்டு செல்போன் கவர் விற்கத் தொடங்கினார். சார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவது நின்றது. வாசகசாலைச் சபையில் இப்போது பாதாளச் சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் தட்டில் டைகர் பேர், அது செத்த பிறகும் கொஞ்ச நாள் இருந்து, அப்புறம் போய், இன்னொரு நாய் பேர் வந்தது. நானும் கல்யாண வீடுகளில் கழுவ இறங்குவதை விட்டுவிட்டேன், இடுப்பு வலி ஒரு காரணம், தேடிப் பார்க்க வீடு மிச்சம் இல்லை என்பது இன்னொன்று.

சார் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். வெயில் ஏறிய நேரம், சார் மேஜையில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, தயாராக இருந்தார். வழியில் குறுக்காக நிறுத்தியிருந்த பைக்கால் என் சேலை கிழிந்திருந்தது, அந்தப் பைக்காரனின் ஏழு தலைமுறையையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அவர் வீட்டு அடுக்களைக்குள் போய்த் தட்டை எடுத்து, ஈரத்தை முந்தானையில் துடைத்து, திருப்பினேன்.

'செண்பகவடிவு.'

ஆவுடையப்பன் கை மாதிரியே இருந்தது. புள்ளி புள்ளியாக, 'வ'வுக்கு அவர் போடுகிற கொண்டையோடு, தட்டின் விளிம்பை ஒட்டி வளைந்து, முழுப் பேரும் இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தேன். கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. நான் பைக்காரனைத் திட்டுவதை எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது, ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

"என்னம்மா பேரு?" என்றார் சார் மேஜையிலிருந்து.

எத்தனை வீட்டுக் கழுவுமிடத்தில் குத்தவைத்து எத்தனை எச்சில் தட்டை நான் இதற்காகத் திருப்பினேன், தென்காசிக்குப் பஸ் ஏறிப் போனேன், கடல் தாண்டி ஒரு டிஷ்வாஷரைத் திறக்க வைத்தேன், கடைசியில் அது எங்கள் தெருக்கோடியில், நான் தினமும் துடைக்கிற தட்டில், நான் வாய் ஓயாமல் திட்டுகிற கிழவர் தின்கிற தட்டில் வந்து நிற்கிறது, அதைச் சத்தமாக ஒரே ஒரு தடவை வாசித்தால் போதும், இந்த உலகத்தில் ஒருத்தர் மனசிலாவது நான் ஒசரத்தில் இருக்கிறேன் என்று இன்னொரு ஆள் காதில் விழும், வாசித்த உடனே அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார், நாளைக்கு மெலமைன் வாங்கிவரச் சொல்வார், இல்லை, நாளைக்கு வரவே வேண்டாம் என்பார், என் மேல் கோபத்தில் அல்ல, ரூத் முகத்தில் முழிக்க முடியாமல், கண் தெரியாத மனுஷர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கிற அந்த அம்மாள் முகத்தில் முழிக்க முடியாமல்.

"வடிவு?"

"ரூத், சார்" என்றேன்.

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் 'சரி, போடு' என்று சொல்லவில்லை. கையை நீட்டினார்.

"இங்க குடு."

இத்தனை நாளில் அவர் தட்டைக் கேட்டதே இல்லை. கொடுக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. கொடுத்தேன். அவர் அதைக் கவிழ்த்து, விளிம்பைத் தடவி, பேர் தொடங்குகிற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்தார். ரூத் என்பது சின்னப் பேர், விரல் வைத்த உடனே முடிந்துபோகிற பேர். அவர் விரல் முடியவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது, விளிம்போடு வளைந்து, ஒவ்வொரு புள்ளியாக இறங்கி ஏறி, நடுவில் ஒரு இடத்தில் நின்று, மறுபடி போயிற்று. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி எழுத்தைத் தாண்டி வழுவழுப்பு வந்த பிறகும் அவர் விரல் கொஞ்ச தூரம் சும்மா போயிற்று.

தட்டை நிமிர்த்தி மேஜையில் வைத்தார். இரண்டு கையாலும் அதை நேராக்கினார்.

"சரி" என்றார். மடித் துண்டைச் சரிசெய்துகொண்டு, "போடு. ஆறுது."

போட்டேன். துவையல் வைத்தேன். நல்லெண்ணெய் விட்டேன். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார், நான் அன்றைக்கு அவரை எதற்கும் திட்டவில்லை, பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் பேரைக் கேட்பதில்லை. நான்தான் சொல்கிறேன். சோறு போடுவதற்கு முன்னால் "ரூத், சார்" என்கிறேன், அவர் "சரி" என்கிறார். தட்டைத் திருப்பிப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். கழுவும்போதும், துடைக்கும்போதும், அலமாரியில் வைக்கும்போதும், அடிப்பக்கம் என் கண்ணில் படாதபடி பிடிக்கக் கை பழகிவிட்டது.